பூவாடைக்காரியின் மில் அட்டை

ஸ்னேஹாவுக்குப் பூவாடைக்காரியின் முகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பூவாடைக்காரிக்குப் புகைப்படம் கிடையாது. அவளைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடும் இல்லை. பிறகு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால், "தாரணிக்குப் பொறாமை" என்பார்கள். அது உண்மைதான் என்பதால் கேட்கவில்லை.

பூவாடைக்காரி எங்கள் கொள்ளுப்பாட்டி சரசு. கணவன் இருக்கும்போதே மஞ்சள் குங்குமத்தோடு இறந்துபோன பெண்ணை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்போம். படைத்த சேலையைக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்வாள். இந்த முறை கல்யாணப் பெண் ஸ்னேஹா. நாகேஷ் சித்தப்பாவின் மகள். என்னைவிட நான்கு வயது சின்னவள்.

சரசுவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துத் தாம்பூலப் பையில் போடப்போவதாக ஸ்னேஹா பிப்ரவரியில் அறிவித்தாள். நான் அதற்கு ஒரு வருடம் முன்பே தேட ஆரம்பித்திருந்தேன். யாரிடமும் அறிவிக்கவில்லை.

அவள் போனில் பதிவுசெய்தபடி வீடு வீடாகப் போனாள். என்னிடம், "எனக்கு இன்னாம்மா தெரியும்" என்று சொன்ன ராதா அத்தை அவளிடம் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறாள். கஞ்சி வடிக்கும்போது சரசு இடது மணிக்கட்டில் சுட்டுக்கொண்டது, எழுதப் படிக்கத் தெரியாதது, 1947இல் மூன்றாவது பிரசவத்தில் இறந்தது, எல்லாம்.

"என்கிட்ட மட்டும் ஏன் அத்தை சொல்லல?"

"நீ வந்து நோட்டத் தொறந்து குந்திக்கினா எனக்குப் பரீட்சை கணக்கா இருக்குடி. அவ வந்தா கூடவே வெங்காயம் உரிக்கறா."

எனக்கு வெங்காயம் உரிக்கத் தோன்றவில்லை. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மருந்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் பேசாமல் இருக்கலாம். அதனால் சனிக்கிழமைகளில் காகிதங்களைத் தேடிப் போனேன்.

1947இன் இறப்புப் பதிவில் சரசு இல்லை. முன்னும் பின்னும் மூன்று வருடங்கள் பார்த்தேன். இல்லை. 1952 வாக்காளர் பட்டியலில் இருந்தாள். சரசம்மா, கணவர் சின்னப்பா, மல்லேஸ்வரத்தில் ஒரு மில் குடியிருப்பு.

கொள்ளுத்தாத்தாவின் பெயரும் சின்னப்பாதான். ஆனாலும் வேறு சரசம்மாவாக, வேறு சின்னப்பாவாக இருக்கலாம். ஒரு முடிவை நம்புவதற்கு முன் இன்னொரு முறை சோதிப்பது என் வேலை. அந்த மில் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. தொழிலாளர் சங்கத்தின் அறை மட்டும் ஒரு மாடியில் இருக்கிறது. அங்கே க்ளென் என்ற வயதானவர் மூன்று சனிக்கிழமை என்னோடு சேர்ந்து தூசி தட்டினார். நான்காவது சனிக்கிழமை அவர்தான் சரசம்மாவின் வேலை அட்டையை எடுத்தார்.

"இதுதான் பாரும்மா. நூல் சுத்தற செக்‌ஷன்."

சேர்ந்த வருடம் 1948. இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு. வாரிசு: மகன் முனிரத்தினம். முனிரத்தினம் என் தாத்தா. கணவர் பெயர் அடிக்கப்பட்டு, 1958இல் காலமானார் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. 1961இல் சுயவிருப்பத்தின் பேரில் விலகல். கீழே தமிழில் ஒரு கையெழுத்து. சரசம்மா. கோணல்தான், ஆனால் ஒரு எழுத்தும் விடுபடவில்லை.

மூலையில் புகைப்படம். அகன்ற மூக்கு, இறுக்கி மூடிய வாய். ஸ்னேஹாவின் சாயல் துளியும் இல்லை. என் சாயலும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தரட்டுமா அங்கிள்?"

"இத வச்சு நாங்க இன்னா பண்றது? ஒரிஜினலே எடுத்துக்கோ. ஒருத்தியாவது கேட்டு வந்தியே."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் முழுதாக உறைத்தது. அவள் சாகவில்லை. கணவனையும் பிள்ளையையும் விட்டு வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். போனவளைச் செத்தவளாக்கிப் படையல் போட்டிருக்கிறார்கள். கண்டோன்மெண்டில் இருந்த எங்கள் பழைய வீட்டில் அவளுக்குச் சேலை வைத்துக் கற்பூரம் காட்டிய நேரத்தில், ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி அவள் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். கணவன் இறந்த பிறகும் இருந்திருக்கிறாள். கணக்குப்படி அவள் பூவாடைக்காரியே இல்லை. தாத்தாவுக்குத் தெரியுமா என்று கேட்கத் தாத்தா இல்லை.

அப்போது எனக்குச் சரசுவுக்காகப் பெரிய துக்கம் எதுவும் வரவில்லை. ஸ்னேஹாவின் புத்தகம் முழுக்கத் தப்பு என்பதுதான் முதலில் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

படையல் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈஜிபுராவில் சித்தப்பா வீட்டில். அட்டையைக் கைப்பையில் வைத்திருந்தேன். கற்பூரம் ஏற்றுவதற்கு முன் எடுத்துக் காட்டுவது என்று முடிவு. ஒரே வாக்கியம் போதும். அதைக் குளியலறையில் நான்கு முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

புதுச்சொம்புக்கு மஞ்சள் பூசி, மல்லிகைச் சரத்தைச் சுற்றி, அரக்கு நிறப் பட்டுச்சேலையை அதன் முன் மடித்து வைத்தார்கள். அரக்கு எனக்குப் பிடித்த நிறம். ஸ்னேஹாவுக்குப் பிடிக்காது.

"வயசுல பெரியவ இருக்கறப்போ சின்னவளுக்குப் போவுது சேல," என்றாள் ராதா அத்தை, பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி. "அடுத்தது உனக்குத்தான் தாரணி. மூஞ்சிய அப்படி வச்சிக்காத."

நான் கைப்பையைத் திறந்தேன். அட்டையின் ஓரம் விரலில் பட்டது.

"சித்தப்பா..."

குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஸ்னேஹாவுக்குக் கேட்டுவிட்டது. என் அருகில் வந்து தோளில் கை போட்டாள்.

"அக்கா, நீயும் ஏதோ ஆபீஸ் ஆபீஸாத் தேடறியாமே? எதாச்சும் கெடச்சுதா? நாளைக்குத்தான் புக்கு பிரஸ்ஸுக்குப் போவுது. சொல்லுக்கா ப்ளீஸ், சேத்துடறேன். உன் பேரையும் போடறேன்."

போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். அவள் கண்ணில் உண்மையான ஆசை இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் சொன்னால் அவள் அழுவாள். பிறகு அதை எல்லோருக்கும் சொல்லுவாள், என்னைவிட நன்றாக. வீட்டைவிட்டுப் போன சரசு, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட சரசு, எல்லாம் அவளுடைய புத்தகத்தில் ஏறிவிடும். மூக்கைப் பார்த்துவிட்டு, அந்த மூக்கும் ஸ்னேஹாவுக்குத்தான் என்று அத்தை சொல்லுவாள்.

போனில் விநாடிகள் ஓடின.

"ஒண்ணும் கெடைக்கல," என்றேன். பையை மூடினேன்.

"பரவால்லக்கா."

அவள் உள்ளே போய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ராதா அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்படியே பூவாடைக்காரி வந்து நின்னா மாதிரி இருக்குடி. அதே முகம்!"

சித்தப்பா கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், பையைத் தோளிலிருந்து இறக்காமல்.