றால் ஒன்பது கிலோ

மழைக்கும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பிடிபடும் இறாலுக்கும் என்ன தொடர்பு என்று இரண்டு கிழமைக்குள் கண்டுபிடித்து வரச் சொன்னார் விரிவுரையாளர் சண்முகநாதன். முதலாம் ஆண்டுப் புவியியல் மாணவர்களுக்கு அதுதான் முதல் ஒப்படை. இருவர் இருவராகச் செய்யவேண்டும். கரையோரக் கொழும்புத்துறை ஜெசிதாவுக்குச் சோடியாக வந்தவன் உரும்பிராய் நிருஷன். வெங்காயம் பயிரிடுகிற வீட்டுப் பிள்ளை, பிறந்ததிலிருந்து சைவம். இறாலைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறான்.

அன்று பின்னேரமே நிருஷன் வேலையை முடித்துவிட்டான். கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டான். மூன்று பக்கம் வந்தது, அடியில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலும்.

“நல்லாத்தான் எழுதியிருக்கு,” என்றாள் ஜெசிதா. “ஆனா மழை பெய்த உடனை றால் கூடும் எண்டு போட்டிருக்கு. எங்கடை வீட்டிலை அப்பிடி ஆரும் சொல்லி நான் கேக்கேல்லை. உந்தக் கட்டுரையை ஒருக்காப் பாப்பம்.”

நூலகத்தில் பத்மாவதி என்ற நூலகர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பட்டியலின் முதல் ஆய்விதழ் அங்கே இருந்தது. அந்த ஆண்டு இதழும் இருந்தது. சொன்ன பக்கத்தைத் திறந்தால், வெங்காயத்துக்கு வரும் இலைக் கருகல் பற்றிய கட்டுரை.

“நீங்கள் தேடுற கட்டுரை உலகத்திலையே இல்லைப் பிள்ளையள்,” என்றார் பத்மாவதி. “இந்தக் கிழமை இப்பிடி இல்லாத கட்டுரை தேடி வந்த நாலாவது ஆக்கள் நீங்கள்.”

நிருஷனோ வெங்காயக் கட்டுரையில் மூழ்கிப் போயிருந்தான்.

பத்மாவதி தேடித் தந்த உண்மையான கட்டுரைகள் இரண்டும் தெற்குப் பக்கத்துக் கடல்நீரேரிகளைப் பற்றியவை. “இஞ்சத்தைக் கரையைப் பற்றி ஆராவது நாளாந்தம் எழுதி வைக்கிறவையோ?” என்று கேட்டார்.

“எழுதுறதில்லை மிஸ்,” என்றாள் ஜெசிதா. “ஆனா சொல்லுறவை.”

அவளுடைய பெரியம்மா மார்கிரட் கொழும்புத்துறைக் கரையில் இறால் வாங்கி விற்பவர். எவ்வளவு ஐஸ் எடுக்கவேண்டும் என்று அவர் முன்கூட்டியே அறிவதற்காக, வள்ளக்காரர்கள் கரைக்கு வரும் வழியிலேயே வாட்சப்பில் குரல் செய்தி அனுப்புவார்கள். மார்கிரட்டுக்கு அழிக்கத் தெரியாது. இரண்டு வருடக் குரல்கள் அப்படியே கிடந்தன.

“அதுகளைக் கேட்டு என்ன செய்யப் போறியள்?” என்றார் மார்கிரட். ஆனாலும் வள்ளக்காரர்களிடம் சம்மதம் கேட்டார். எல்லோரும் ஓம் என்றார்கள். கனிசியஸ் என்பவர் மட்டும், “என்ரை பேரை வடிவாப் போடச் சொல்லுங்கோ அக்கா,” என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜெசிதாவும் நிருஷனும் மார்கிரட்டின் விறாந்தையில் இருந்து கேட்டார்கள். “அக்கா, றால் ஒன்பது கிலோ.” “அக்கா, ராத்திரி நல்ல மழை. றால் மூண்டு.” பின்னால் இயந்திரச் சத்தம், காற்று, யாரோ பாடுவது. கனிசியஸின் ஒரு செய்தியில் கடல் சத்தமே இல்லை: “அக்கா, இண்டைக்கு றால் இல்லை. நான் கடலுக்குப் போகேல்லை. எனக்கு மகள் பிறந்திட்டா. ரெண்டே முக்கால் கிலோ.”

மார்கிரட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். “அந்த ரெண்டே முக்காலையும் றால் எண்டு எழுதிப் போடாதை தம்பி.”

“எழுதிட்டன், பெரியம்மா,” என்றபடி நிருஷன் அவசரமாக அதை வெட்டினான்.

மழை நாளையும் கிலோவையும் வைத்து வரைபு போட்டபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருமழைக்குப் பின் ஐந்தாறு நாள் இறால் குறைந்தது. பத்தாம் நாளளவில்தான் ஏறியது. ஒருமுறை அல்ல, ஏழு மழைக்கும் அப்படியே.

ஒப்படை வாசித்த நாளில், முதல் ஐந்து சோடிகளும் ஒரே வசனங்களையும் அதே இல்லாத கட்டுரையையும் கொண்டுவந்தன. சண்முகநாதன் ஐந்தையும் கடைசிவரை கேட்டார். ஆறாவதாக ஜெசிதா வரைபைக் காட்டினாள். நிருஷன் குரல்களைப் போட்டான். ரெண்டே முக்கால் கிலோ வந்ததும் வகுப்பே கைதட்டியது.

“இதை எப்பிடி மேற்கோள் காட்டியிருக்கிறியள்?” என்று கேட்டார் விரிவுரையாளர்.

நிருஷன் கடைசித் தாளை நீட்டினான். சொன்னவர் பெயர், குரல் செய்தி, கொழும்புத்துறை, திகதி. பத்மாவதி சொல்லிக் கொடுத்த முறை.

சண்முகநாதன் மேலிருந்து கீழாக முழுவதையும் வாசித்தார். “எனக்கு இது தெரியாது,” என்றார். “இருபது வருசமாப் படிப்பிக்கிறன், எனக்குத் தெரியாது. அந்த வரைபை இன்னொருக்காப் போடுங்கோ பாப்பம்.”

ஜெசிதாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இடைவேளையில் கன்ரீனில் எல்லோரும் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் வாசித்தவர்களில் ஒருவனான கோபிசங்கர் கேட்டான்: “சேர் எங்களை மற்றக் கிழமை திருப்பிச் செய்யச் சொல்லிட்டார். உங்கடை பெரியம்மாவின்ரை போனை எங்களுக்கும் தருவாவோ?”

“அவ தரமாட்டா,” என்றாள் ஜெசிதா. “நீ தொண்டைமானாறுதானே? உங்கடை கரையிலை ஆக்கள் இல்லையோ? போய்க் கேளன்.”

கோபிசங்கர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அங்கேயே கடலுக்குப் போகிற தன் மாமாவுக்கு அழைப்பு எடுத்தான்.