ஈயச் சிப்பாய்களின் கண்

எங்கள் ஊர் ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு வர்ணம் பூசிக் கண் திறக்கும்போது எதிரே கண்ணாடி பிடிப்பது எங்கள் வீட்டு உரிமை. திறந்த கண்ணின் முதல் பார்வை மனிதர்மேல் விழக்கூடாது. சாமி தன் முகத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அந்தப் பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடி என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. வேறு கண்ணாடி என்றால் வேறு வீடு. அதுதான் ஊர்க்கட்டு.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடியில் கண் திறப்பு. அதற்கு முன்பாக உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் வழுக்கி விழுந்து எனக்குக் கால் முறிந்தது. மாவுக்கட்டோடு கிடந்தவனைப் பார்க்கப் பங்காளி முத்துவேல் வந்தான்.

“பெரிப்பா, ஒக்காந்துகினு கண்ணாடி காட்டுனா முனி ஒத்துக்குமா? எங்க வூட்லயும் ஒரு கண்ணாடி கீது. சும்மா சொன்னேன்.”

“நின்னுகினுதான் காட்டுவேன். காபிய குடிச்சிட்டுக் கெளம்பு.”

எனக்குப் பொழுது போகட்டும் என்று என் மனைவியின் தம்பி வீராசாமி ஒரு பெட்டி கொண்டுவந்தான். கப்பலில் வேலை செய்யும் அவன் மகன் சீமையில் வாங்கியது. கோட்டை வரைந்த அட்டை, பகடை, இரண்டு படைகளாகப் பாதிச் சுண்டுவிரல் உயர ஈயச் சிப்பாய்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். முதல் ஆட்டத்திலேயே அவன் என் சிப்பாயை வைத்து என்னையே வெட்டினான்.

“அது என்னுதுடா.”

“எதுல எழுதிக் கீது, மாமா?”

வர்ணம் பூசிவிடுவது என்று முடிவாயிற்று. மாட்டுப் பொங்கலில் கொம்புக்குப் பூசி மீந்த சிவப்பும் நீலமும் இருந்தன. டப்பாவில் இருந்தபடியே தொட்டுப் பூசினோம். வர்ணம் தடித்து மூக்கு, வாய், மீசை எல்லாம் அடைபட்டுப்போய், சிப்பாய் புளியங்கொட்டை போலானான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். சோப்பு போட்டுக் கழுவி, சோடா மூடியில் மெழுகு உருக்கி ஒவ்வொருவனையும் நிறுத்தினோம். முதலில் மெல்லிய வெள்ளை. அது காய்ந்தபின் நீர்க்கக் கரைத்த வர்ணம், ஒன்றன்மேல் ஒன்றாக. கடைசியாக விட்ட கறுப்பு மடிப்புகளில் தேங்கியதும் சட்டைக்குத் துணியின் களை வந்தது. என் கை நடுங்கவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

கண் மட்டும் மீதி. ஈர்க்குச்சியைச் சீவிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஆண்டாளம்மாள் வந்து நின்றாள்.

“கோயில்ல காப்பு கட்டியாச்சுங்க. இனிமே கண்ணாடி புடிக்கிற வூட்ல வேற எதுக்கும் கண்ணு வெக்கக் கூடாது.”

“இது ஈயம்டி. பொம்மை. இதுக்கு ஒரு காப்பா?”

நல்ல உச்சிவெயில் நேரம். ஈர்க்கு நுனியால் முதல் சிப்பாய்க்கு இரண்டு புள்ளி வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். அடுத்தவனுக்கு வைத்தேன். அவனும். எல்லாரையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுந்தால் பயந்ததாக ஆகிவிடும்.

அட்டையில் எந்தக் கட்டத்தில் வைத்தாலும் சிப்பாய்கள் என்னைப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்த வீராசாமி, “என் ஆளுங்களும் உங்களத்தான் மொறைக்கிறானுங்க, மாமா” என்று சிரித்தான். சிறிது நேரத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் கண்ணாடியைத் துலக்க எடுத்தேன். அதில் என் நெற்றி தெரிந்தது, திருநீறு தெரிந்தது, மூக்கு தெரிந்தது. கண் இருக்கவேண்டிய இடம் வெள்ளை பூசிய ஈயம் போல வழவழவென்று இருந்தது. முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். இமை விரலில் துடித்தது.

“என் மொகத்துல இன்னா கீது, பாரு.”

“மூக்கு கீது, கோவம் கீது” என்றபடி வந்த ஆண்டாளம்மாள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே அவளுக்கும் கண் இல்லை. அவள் அலறவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

சிப்பாய்களை மண்ணெண்ணெயில் போட்டேன். சட்டை கரைந்தது, முகம் கரைந்தது, புள்ளிகள் மட்டும் கரையவில்லை.

முனி கண் திறந்ததும் இந்தக் கண்ணாடியில் தன் கண்ணைக் காணாவிட்டால், அந்தப் பார்வை தேடிக்கொண்டு வெளியே வரும். திரைக்கு வெளியே ஊரே நிற்கும். முத்துவேலின் கண்ணாடியைக் கேட்டு வாங்கலாம். வாங்கினால் உரிமை அன்றோடு அவன் வீட்டுக்குப் போய்விடும். கேட்கவில்லை.

கண் திறப்பன்று கக்கத்தில் கட்டையை ஊன்றி நின்றேன். சுற்றிலும் திரை. உள்ளே நானும் வர்ணக்காரர் செங்கேணியும் மட்டும். அவர் சாரத்தில் ஏறி, வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டே பக்கவாட்டிலிருந்து வலது கண்ணை எழுதினார். இடது கண்ணில் கடைசிக் கோடு மட்டும் பாக்கி.

“இழுத்துட்டு வெளிய ஓடிடு. திரும்பாத” என்றேன்.

“கண்ணாடிய நேராப் புடிங்க, ஐயா.”

“எங்க வூட்டுக்கு நீ சொல்லித் தர்றியா?”

அவர் கோட்டை இழுத்தார், குதித்தார், ஓடினார். நான் கண்ணாடியை இறக்கினேன். அண்ணாந்து முனியைப் பார்த்தேன். ஈயச் சிப்பாய்களின் அதே பார்வை, பனை உயரத்தில். அந்தப் பார்வை என்னைத் தாண்டி வெளியே போகாதபடி கண்ணை மூடாமல் நின்றேன். வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஆடி வெயில் கொஞ்சங்கொஞ்சமாக வெளுத்து, பிறகு முழுக்க வெள்ளையாயிற்று.

காஞ்சிபுரத்துக் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அந்த வெள்ளைதான் இன்னும் விலகவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல வீராசாமி எழுதுகிறான். சாயங்காலங்களில் ஆடுகிறோம். அவன் தன் படைக்கு மட்டும் மறுபடி வர்ணம் பூசிக்கொண்டான். என் ஆட்களை வெறும் ஈயமாக விரலால் தடவித் தெரிந்துகொள்கிறேன். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உரிமை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

போன வாரம் கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தேன். பூஜை அறையில் ஆண்டாளம்மாள் கண்ணாடியைத் துலக்கும் சத்தம் நின்றது.

“ஏங்க, இதுல இப்ப உங்க கண்ணு நல்லாத் தெரியுதுங்க.”

“நான் இங்க கூடத்துல இல்ல கீறேன்?”

“ஆமாங்க.” அவள் பின்வாங்கும் காலடி கேட்டது. “என்னத்தான் பாக்குது.”

“துணியப் போட்டு மூடி வை” என்றேன். “முத்துவேல் வந்தா காட்டாத.”