தாயார் பெயர் கட்டாயம்

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெண்ணின் பெயர், ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, எழுதியிருந்த எல்லா இடங்களிலிருந்தும் போய்விட்டது. ஆதார் அட்டையில் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் ரங்கசாமிக்கு யாரோ ஒரு சௌபாக்கியவதியை நிச்சயித்திருந்தார்கள். கடையின் பின்பக்கம் லாமினேஷன் போட்டுக்கொண்டிருந்த அந்த ரங்கசாமி பேப்பர் கட்டு கேட்டு மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். "பி செவன்" என்று வந்தது. இந்தப் பதிவிலும் இப்போதைக்கு அவளை அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

காரணம் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் குடியிருந்த ஒரு பேராசிரியர். மனிதர்கள் கணினியோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. மனிதர்களோடு பழகுவது அதில் அடங்காது. முந்தைய ஆண்டு மூன்று மாதம் அவள் கடையில் உட்கார்ந்து, துறையூரிலிருந்தும் மருங்காபுரியிலிருந்தும் வருகிறவர்கள் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் அவளிடம் போனை நீட்டுவதையும், அவர்களுக்காக அவள் தட்டிக் கொடுப்பதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். கடையில் இருந்த ஒரே நாற்காலியில் தான் உட்கார்ந்திருந்ததால் அவர்கள் எல்லாம் நின்றார்கள் என்பதை மட்டும் குறிக்கவில்லை. முடிவில், அவசரத்தில் இருக்கிறவர்களுக்குப் பொத்தான் பெரிதாக இருந்தால் நல்லது என்று கண்டுபிடித்தார். இதற்கு லிஸ்பனில் ஒரு மாநாடு பரிசு அறிவித்தது. கட்டுரையில் பங்கேற்பாளர் யாருடைய பெயரும் வரக் கூடாது என்பது விதி. பதினோரு பக்க ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டி அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். பன்னிரண்டு பேரில் அவள் ஏழாவது, அதாவது பார்ட்டிசிபன்ட் செவன், சுருக்கமாக பி செவன். கட்டுரை வெளியான நேரம் பதினொன்றே கால். மூன்றாவது பங்கேற்பாளரான ஆட்டோக்காரருக்கும் அன்றே பெயர் போனது. யார் பேரில் கேஸ் எழுதுவது என்று டிராஃபிக் போலீசுக்குத் தெரியாமல் போனதால் அவர் புகார் சொல்லவில்லை.

பி செவனாலும் சமாளித்திருக்க முடியும், மகன் அரவிந்தனின் கல்லூரி விண்ணப்பம் வராமல் இருந்திருந்தால். வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு கடைசி. தாயார் பெயர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. பி செவன் என்று தட்டினால், இது பெயர் அல்ல என்றது. வேறு பெயரைத் தட்டினால் அதற்குச் சொந்தக்காரரின் போனுக்கு ஓ.டி.பி. போனது. "அம்மா இல்லைன்னு போட்டுடலாமா?" என்று அரவிந்தன் கேட்டான். ஊரில் பாதிப் பேரின் பெயரைத் தட்டிய விரல்கள் மேசையின் மேல் சும்மா கிடந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, பேராசிரியர் வீட்டுக்குப் போக ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள்.

"சார், என் பேரைத் திருப்பிக் குடுங்க. பையனோட அப்ளிகேஷன் நிக்குது."

"பேரை வெளியில சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேனேம்மா. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார் பேராசிரியர்.

"என்கிட்டயாவது சொல்லுங்க."

"உங்ககிட்ட சொன்னாலும் சொன்னதுதானே?" அவர் ஆர்வத்தோடு நோட்டைத் திறந்தார். "பேர் போனதுல எவ்வளவு கஷ்டம்? ஒண்ணுலேர்ந்து ஏழுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கோ. ஏழுன்னா ரொம்பக் கஷ்டம்."

"எட்டு சார்."

"எட்டு கிடையாதும்மா" என்று ஏழு போட்டுக்கொண்டார். "வந்ததும் நல்லதாப் போச்சு. இந்த விசா ஃபாரம் மூணு நாளாப் படுத்தறது. கொஞ்சம் பாருங்கோளேன்."

பரிசு வாங்கிய அறிஞர் மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். பி செவன் பத்து நிமிஷத்தில் அதை முடித்தாள். அப்புறம் தன் லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டிவிட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சம்மதம்னு ஒரு கட்டம் இருக்கு சார். மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்துக்குங்க."

"இதெல்லாம் யார் படிக்கறா? நீங்களே டிக் பண்ணிடுங்கோ."

"உங்க போன்ல ஓ.டி.பி. வந்திருக்கும்."

அவர் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற குரலில், உரக்கப் படித்தார். அப்போது மணி நாலே முக்கால். தாயார் பெயர் என்ற கட்டத்தில், அதுவரை பேராசிரியருடையதாக இருந்த பராசரன் என்ற பெயர் இருந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

அரவிந்தனுக்கு இடம் கிடைத்தது. விசா கிடைக்கவில்லை, பாஸ்போர்ட்டில் பேராசிரியரின் பெயர் இருந்த வரி வெள்ளையாக இருப்பதாகத் தூதரகம் தெரிவித்தது. லிஸ்பன்காரர்கள் அனுதாபத்தோடு விதிகளைப் புரட்டிப் பார்த்து, அவருக்குப் பதிமூன்றாம் எண்ணைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகக் கூட்டங்களில் அவர் இப்போது அந்த எண்ணைச் சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பராசரன் பக்கத்துக் கடையையும் எடுத்து, இரண்டாவது மெஷின் போட்டிருக்கிறாள். துறையூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் "பராசரன் அக்கா கடை எங்கங்க?" என்று விசாரிக்கிறார்கள். கரும்புச்சாறு பிழிகிற அற்புதசாமி, சக்கரத்தை நிறுத்தாமலே கையைக் காட்டுகிறார்.