கயிறு மேடத்தின் கடைசி அறுவடை

ஓய்வு பெறும் நாளன்று காலை பத்து மணிக்குக் கயிறு மேடம் தன் வீட்டு ஹாலில் அறுவடைக்கு வந்து நின்றாள். கையில் கயிறு, தோளில் பை, பின்னால் சாட்சிக்கு ஒரு ஜூனியர்.

"செருப்ப வெளியில விடுங்கம்மா, வயலுக்குப் போற மாதிரியே உள்ள வராதீங்க" என்றாள் மகள்.

"இன்னிக்கு இது வயல்தான்" என்றாள் அவள்.

சொன்னது கிண்டல் இல்லை. விவசாயத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு சில வயல்களின் எண்களைப் பொறுக்கிப் போடும். எண் விழுந்த இடத்துக்கு அதிகாரி போக வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே விளைந்ததை எல்லாம் அறுத்து, உதிர்த்து, எடை போட வேண்டும். அந்த எடைதான் அந்த வட்டாரத்தின் விளைச்சல். கயிற்றை ஓரடி கூட நகர்த்தக் கூடாது.

மற்ற அதிகாரிகள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே எடை போட்டார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. கூலிக்குக் களை பறித்தவரின் மகள் இவள். விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, "களை பறிக்க எதுக்கு நாலு வருஷம் படிப்பு?" என்று ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவே முப்பத்து நான்கு வருடம் கயிறு கட்டினாள். எண் குளத்தில் விழுந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கட்டினாள். முட்டுகிற மாடு மேய்ந்த வயலில் விழுந்தபோது மாட்டையும் உள்ளே வைத்துக் கட்டினாள். மகளைப் பெற்றெடுக்கும் வலி வந்ததே களத்துமேட்டில்தான். எடையைக் குறித்து, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஒரு பொய் எண் எழுதியதில்லை.

கடைசிப் பருவத்தின் கடைசி எண் அவள் வீட்டு ஹாலில் விழுந்தது.

வீடு கட்டி இருபது வருடம் ஆயிற்று. பதிவேட்டில் அது இன்னும் மக்காச்சோளக் கொல்லை. மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். பதிவேட்டு கிளார்க் ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். அவர் கணக்கில் கயிறு மேடத்தின் குடும்பம் இருபது வருடமாகச் சோளத்துக்கு நடுவே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தது.

மேலதிகாரி போனில் வந்தார். "என்ன மேடம், கிளம்புற நேரத்துல எதுக்கு இதெல்லாம்? சராசரி பன்னிரண்டு கிலோ. அதப் போட்டுட்டுப் போங்க."

"ஹால்ல பன்னிரண்டு கிலோ சோளம் வெளஞ்சிருந்தா நான் ஏன் சார் வேலைக்கு வர்றேன்?"

"அப்போ வெள்ளத்துல போச்சுன்னு போடுங்க."

"எங்க வீட்டுக் குழாய்லயே தண்ணி வராது சார்."

அவருக்கும் வேறு வழியில்லை. படிவத்தில் பூஜ்யம் போட்டால் காரணம் கேட்கும். வறட்சி, வெள்ளம், பூச்சி, கால்நடை. வீடு என்று ஒரு காரணம் பட்டியலில் கிடையாது. காரணம் இல்லாவிட்டால், குறைந்தபட்சம் ஒரு கிராமாவது காட்டாமல் அடுத்த பக்கம் திறக்காது. மாலை ஐந்து மணிக்குள் படிவம் ஏறாவிட்டால் பணி விடுவிப்பு உத்தரவு வராது. அடுத்த பருவம் வரை சர்வீஸிலேயே கிடக்க வேண்டும்.

"இன்னொரு பருவமா!" என்று அலறினார் கணவர். தையல்காரர். அளவு நாடா கழுத்தில் தொங்க, செங்கல்லைப் பிடித்து உதவிக்கொண்டிருந்தார். தரையில் முளை அடித்தால் டைல்ஸ் உடையும் என்பதால் நான்கு மூலைக்கும் நான்கு செங்கல். ஹாலை முழுதாக வளைத்த கயிறு, இடம் பற்றாமல் சமையலறைக்குள்ளும் ஒரு சாண் போயிற்று.

"எல்லாரும் வெளிய வாங்க. பயிருக்குள்ள நிக்கக் கூடாது" என்றாள்.

மூன்று பேரும் சொந்த ஹாலைவிட்டு இறங்கி வராந்தாவில் நின்றார்கள். ஜூனியர் மட்டும் பேனாவோடு உள்ளே நின்றாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான்.

"மேடம், இங்க என்னத்த அறுக்குறது?"

"விதி என்ன சொல்லுது? கயித்துக்குள்ள கெடைக்கிற தானியம் எல்லாத்தையும் சேகரிக்கணும். கெடைக்குதான்னு பாரு."

ஜூனியர் சோபாவின் மெத்தையைத் தூக்கினாள். கத்தினாள்.

"மேடம்! சோளம்!"

பாப்கார்ன். பொரிந்தது கைப்பிடி அளவு. பொரியாமல் தங்கிய மணிகள், விரல் விட்டு எண்ணினால் ஆறு. கயிறு மேடம் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"நீ பருவத்துக்குப் போயிடுவ. நானும் பாப்பாவும் உட்கார்ந்து படம் பார்ப்போம்." அவர் நாடாவைச் சுருட்டினார். "ஒரு பருவமா, ரெண்டு பருவமா? மெத்தைக்கு அடியில போனத யாரு எடுக்குறது?"

சோபா வாங்கி ஒன்பது வருடம். அதில் தான் உட்கார்ந்தது எத்தனை முறை என்று அவள் எண்ணிப் பார்த்தாள். ஆறுக்குக் கீழேதான் வந்தது.

"பொரிஞ்சதும் தானியந்தானே மேடம்?"

"இல்ல. அது தின்பண்டம். தள்ளி வை."

விதை நிறுக்கும் தராசில் ஆறு மணிகளையும் வைத்தாள். பூஜ்யம் புள்ளி ஒன்பது கிராம். கம்ப்யூட்டர் கேட்பது ஒன்று. மணி மூன்றரை.

கணவர் சத்தம் போடாமல் சமையலறைப் பக்கம் நகர்ந்தார். டப்பா மூடி திறக்கும் ஓசை கேட்டது.

"ஏங்க! கையத் தெறங்க."

திறந்தார். ஒரே ஒரு சோளம்.

"ஒண்ணுதானே! டப்பா கூட கயித்துக்கு உள்ளதான் இருக்கு!"

"தானா விழுந்து கெடந்தாத்தான் வெளச்சல். டப்பாவுல இருக்கறது கடைச் சரக்கு. முப்பத்து நாலு வருஷம் ஒரு மணி கூடக் கூட்டி எழுதல. இன்னிக்கு உங்க டப்பாவுல இருந்து எழுதவா?"

"அடிப்பாவி, ஒரு சோளத்துக்காக அடுத்த பருவமும் போவியா? உனக்கு ரிட்டயர்மென்ட்டா, எனக்கு தண்டனையா?"

"போவேன்."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஜூனியர் பேனாவைக் கடித்தாள். மகள்தான் பேசினாள், கதவு நிலையில் சாய்ந்தபடி.

"அம்மா, நீங்க கிண்ணத்தத் தூக்கி எறிஞ்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் "கயிறு கட்டுதல்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியை கூப்பிட்டு, மாடு வளர்க்கிறீர்களா என்று அன்பாக விசாரித்தாள். அன்று மாலை கயிறு மேடம் ஹாலில் நின்று, "நான் பட்டதாரிடி! இந்தக் குடும்பத்துலயே முதல் பட்டதாரி!" என்று கத்தி, முன்னால் இருந்த கிண்ணத்தைச் சுவரில் அடித்தாள். பாப்கார்ன் வீடெங்கும் பறந்தது. மறுநாள் விடியுமுன் அறுவடைக்குப் போய்விட்டாள்.

"எங்க போய் விழுந்துச்சு?"

"துணி அலமாரிக்குப் பின்னாடி. அத யாரும் நகர்த்துனதே இல்ல."

அலமாரி கயிற்றுக்கு உள்ளே இருந்தது, இரண்டு விரல் தள்ளி. நான்கு பேரும் தள்ளினார்கள். பின்னால் ஒட்டடை, சீப்பு, காணாமல் போன ஒரு டி.வி. ரிமோட். சுவரோரம், கயிற்றுக்கு உள்ளேயே, ஒரே ஒரு சோளமணி, பதினான்கு வருடத் தூசியோடு. அவளே குனிந்து எடுத்து, ஊதி, தராசில் வைத்தாள்.

ஒன்று புள்ளி பூஜ்யம் ஐந்து.

"எழுதிக்கோ" என்றாள். படிவத்தில் சாகுபடி செய்தவர் யார் என்று கேட்டது. "குடும்பத்தார் மூவர்" என்று எழுதச் சொன்னாள்.

நான்கு ஐம்பதுக்குப் படிவம் ஏறியது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. வட்டாரத்தின் மக்காச்சோள விளைச்சல், ஹெக்டேருக்கு நானூற்று இருபது கிராம். விடுவிப்பு உத்தரவு வந்தது. கூடவே இன்னொன்றும்: விளைச்சல் சரிந்த காரணத்தைச் சம்பந்தப்பட்ட அதிகாரி திங்கட்கிழமை நேரில் வந்து விளக்க வேண்டும்.

"மேடம், சம்பந்தப்பட்ட அதிகாரின்னா…?"

"அஞ்சு மணிக்கு மேல நீதாம்மா."

ஜூனியருக்கு முகம் வெளுத்தது. "அடுத்த வருஷமும் இதே எண் விழுந்தா?"

அதை அதுவரை யாரும் யோசிக்கவில்லை. கணவர் யோசித்தார். சமையலறைக்குப் போனார், சட்டி வைத்தார். படபடவென்று சத்தம் கேட்டது. பெரிய கிண்ணத்தோடு வந்து, செங்கல்லைத் தாண்டி, சோபாவில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி அள்ளி மெத்தை இடுக்கில் போடப் போனார்.

"ஏய், ஏய்! வேணும்னு போடக் கூடாது. தானா விழணும்."

"அப்போ நீயும் வந்து உட்காரு" என்றார் அவர், பக்கத்தைத் தட்டிக் காட்டி. "நீ உட்கார்ந்தா சண்டை வரும். சண்டை வந்தா தானா விழும்."