தொண்டையில் இல்லாதது

அமுதவள்ளி மதியச் சாப்பாட்டில் கை வைத்தபோது போன் அடித்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் அவள் டாக்டர். கூப்பிட்டவர் ஜெகதீஸ்வரன். செத்த மாடு கன்றுகளின் திசுக்களைச் சோதிக்கிற ஆய்வகத்தில் இருப்பவர்.

"அமுதா, நீ அனுப்புன மூளைத் துண்டச் சீவி, சாயம் ஏத்திப் பாத்தேன். நரம்பு செல்லுக்குள்ள செவப்பா உருண்டை உருண்டையா நிக்கிது. வெறிநோய்ம்மா அது."

"சார், அது மாடு. நாய் கடிச்சதா யாரும் சொல்லலையே."

"நானும் நம்பாம ரெண்டு தடவ பாத்துட்டேன். அத விடு. அது வாயில யாரெல்லாம் கை வச்சீங்க?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

ஆறு நாளைக்கு முன்னால்தான் சின்னச்சாமியின் கறவை மாட்டைப் பார்க்கப் போயிருந்தாள். தீனி எடுக்காமல், எச்சில் ஒழுக, தொண்டை கட்டினாற்போலக் கதறிக்கொண்டிருந்தது. ஏதோ அடைத்திருக்கிறது என்றே நினைத்தாள். கையுறை தீர்ந்துபோயிருந்தது. "நாக்க இழுத்துப் புடிங்கக்கா" என்று சின்னச்சாமியின் சம்சாரம் முருகேஸ்வரியிடம் சொல்லிவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் மாடு செத்துப்போனது. அறுத்துப் பார்த்தால் தொண்டை சுத்தமாக இருந்தது. விஷமோ என்னவோ என்று தலையையும் திறந்து, மூளையில் ஒரு துண்டைக் கெடாமலிருக்க மருந்தில் போட்டு அனுப்பிவைத்தாள்.

இப்போது முருகேஸ்வரியின் விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. கருவேலம் வெட்டி, முள் கிழித்த விரல்கள்.

ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினாள். முருகேஸ்வரி விறகு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாட்டுக்கு வந்தது வெறிநோய். நம்ம எல்லாரும் இப்பவே ஊசி போடணும்."

"நாய்க்கு வர்றதா? மாட்டுக்கா?" முருகேஸ்வரி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "ரெண்டு மாசத்துக்கு முன்ன மாட்டு மூக்குல ஒரு கீறல் கெடந்துச்சு. முள்ளு கிழிச்சதுன்னு மஞ்சளத் தடவி விட்டேன்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னச்சாமி முன்னால் வந்தார். "படிச்சவுக நீங்க. உங்களுக்கே தெரியலைன்னா, இவளை எதுக்கு நாக்கப் புடிக்கச் சொன்னீக?"

அமுதவள்ளி முருகேஸ்வரியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "தப்புதாண்ணே. வையிறத வழியில வையிங்க. நீங்களும் வாங்க, உங்க மேலயும் எச்சி பட்டிருக்கு."

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவர் வையவில்லை. வைதிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"நாள் கடந்துதான் வந்திருக்கீங்க. ஆனா நோய் தலைகாட்டி, தண்ணி தொண்டையில எறங்காமப் போறதுக்கு முன்ன வந்துட்டீங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். முருகேஸ்வரியின் ஒவ்வொரு கீறலைச் சுற்றியும் ஊசி இறங்கியது. அவள் அழவில்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி படிக்கும்போதே தடுப்பூசி போட்டிருந்ததால் அவளுக்கு இரண்டு ஊசி போதும் என்றார்கள். அதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

ஒரு மாதத்தில் முருகேஸ்வரிக்கும் சின்னச்சாமிக்கும் எல்லா ஊசியும் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசி ஊசியன்று அமுதவள்ளியும் கூடப் போயிருந்தாள். வெளியே வரும்போது முருகேஸ்வரி தணிந்த குரலில் சொன்னாள்:

"தெனமும் எந்திரிச்சதும் ஒரு செம்புத் தண்ணியக் குடிச்சுப் பாக்குறேன் டாக்டரம்மா. எறங்குதான்னு."

அமுதவள்ளியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.