லூனபுர்க் பிரபுக்களின் சீட்டு

வளைகுடா நாட்டு ரூவியில் எங்கள் மளிகைக்கடை விடிய விடியத் திறந்திருக்கும். ராத்திரி டியூட்டி எனக்கு. வரலாறு படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு வேறென்ன கொடுப்பார்கள்.

2006-இல் நடு அண்ணன் சாகிர் கடையில் தன் பங்கைப் பிரிக்கச் சொன்னான். சலாலாவில் தனிக்கடை போட வேண்டுமாம். பிரித்தால் இரண்டுமே நிற்காது. உடைந்த கடைக்காரனுக்கு மாமா பெண் கொடுக்கவும் மாட்டார். மாமா மகள் ஹிஃப்ஸாவை எங்கள் வீட்டுக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். கல்யாணமாகாத எங்கள் மூவரில் ஒருவனுக்கு என்றுதான் மாமா வாக்குக் கொடுத்திருந்தார். உம்மா என்னை நினைத்திருந்தாள். ஹிஃப்ஸாவும் என்னைத்தான் நினைத்திருந்தாள்.

அதனால் வாயைத் திறந்தேன். ஜெர்மனியில் லூனபுர்க் என்றொரு நாடு. அதை ஆண்ட பிரபு குடும்பத்தில் தாத்தா காலத்திலேயே லூத்தரின் கிறிஸ்தவ மார்க்கத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பன் புத்தி பேதலித்துச் செத்தான். ஆண்பிள்ளைகள் ஏழு பேர். ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு நாசமான பங்காளிகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். அதனால் நாட்டைப் பிரிப்பதில்லை, ஒருவன் மட்டும் முறையாகக் கல்யாணம் செய்வது என்று முடிவெடுத்துச் சீட்டுப் போட்டார்கள். ஆறாவது பிள்ளை ஜார்ஜுக்கு விழுந்தது. அவன் வாரிசுகள் பிற்பாடு இங்கிலாந்தையே ஆண்டார்கள்.

சாகிருக்கு உறைக்கத்தான் சொன்னேன். பிடித்துக்கொண்டது மூத்த அண்ணன் கௌஸ் காக்கா.

"நல்ல ஏற்பாடுடா ஈசா. தங்கச்சிக்குச் சீதனமா வீடு கட்டி முடியுற வரைக்கும் நமக்கும் ஒரு கல்யாணந்தான் தாங்கும். மாமா பொண்ணு யாருக்குன்னு சீட்டே போட்டுருவோம்."

சாகிரும் சரி என்றான். சீட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் பங்கு கேட்பதில்லை என்று ஒத்துக்கொண்டான். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஹிஃப்ஸா எனக்கு வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூத்தவர் முன்னால் ஒரு பெண்ணின் பேரைச் சொல்லிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. சீட்டுக்குச் சிகரெட் அட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். ஒன்றில் மட்டும் காக்கா பேனாவால் கோடு போட்டார்.

பால்பவுடர் டப்பாவுக்குள் ஆளுக்கு ஒரு கை விட்டோம். எனக்கு வெறும் அட்டை. பேனாக் கோடு போட்டது சாகிரின் கையில் இருந்தது.

"கடை கேட்டேன். பொண்ணு கெடச்சிருக்கு" என்று சிரித்தான்.

கதையில் விட்டதை அப்புறம்தான் சொன்னேன். ஆகஸ்ட் என்கிற அண்ணன் சீட்டில் தோற்றும் ஒருத்தியோடு குடும்பம் நடத்தி வரிசையாகப் பிள்ளை பெற்றான். அந்த ஏற்பாடெல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை, நமக்கும் வேண்டாம் என்றேன்.

"அப்ப நீ ஆகஸ்டா இருந்துக்க" என்றான் சாகிர்.

காக்கா அதற்குள் ஊருக்குப் போன் போட்டுவிட்டார். எந்தப் பையன் என்று மாமா கேட்டது எனக்கே கேட்டது.

"காக்கா, அந்தப் புள்ள என்னத்தான் நெனச்சிக்கிட்டிருக்கு" என்றேன்.

அவர் உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கையை எடுத்தார்.

"சாகிர்தான் மாமா" என்றார்.