பதினேழாவது போல்ட்

மார்ச் 11, செவ்வாய். பிழை: பிக்கப்பின் கியர்பாக்ஸ் அடித்தட்டில் பதினாறு போல்ட் என்று எழுதினேன். பதினேழு. ஒன்று சேற்றுக்குள் இருந்தது. சுரண்டிப் பார்க்கவில்லை.

இதை எழுதி முடிப்பதற்குள் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது. மெக்கானிக் படிப்பின் மாலை வகுப்பில், கடைசி பெஞ்சில் அவள் அத்தனை கோபத்தோடு உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் அவளை நோட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எதைத் தொட்டாலும் எழுதிவைக்கிற பழக்கத்துக்காக அக்காள் புருஷன் சூட்டிய பட்டம். பட்டறையும் அவருடையதுதான்.

காலையில் அந்தப் பழைய கனரக பிக்கப் வந்தது. மலைமேல் கிணறு தோண்டும் இடங்களுக்கு இரும்புக் குழாய் ஏற்றிப் போகிறவரின் வண்டி. கியர்பாக்ஸுக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அத்தான் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, கம்பெனி ஒட்டியிருந்த தாளில் கியர்பாக்ஸின் குறியெழுத்தைப் பார்த்தார்.

"சின்ன பாக்ஸ்தான். பதினாறு போல்ட்டு இருக்கும். எண்ணி எழுதிக்க."

அவள் வண்டிக்கடியில் படுத்து எண்ணினாள். பதினாறு வந்ததும் நிறுத்தினாள். சின்ன பாக்ஸ் என்றால் தட்டு சதுரமாக இருக்க வேண்டும், இது ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. மனசு உறுத்தத்தான் செய்தது. பத்து வருஷம் கைபழகியவரைவிடவா நமக்குத் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டாள். இப்போது நினைக்க நினைக்க அதுதான் அதிகம் எரிந்தது.

மதியம் பதினாறையும் கழற்றினாள். தட்டு அசையவில்லை.

"பசை பிடிச்சிருக்கு, நகரு" என்று அத்தான் திருப்புளியை இடுக்கில் கொடுத்து நெம்பினார். விளிம்பு மடங்கியது. சேறு பொலபொலவென்று உதிர, பதினேழாவது போல்ட் தலையைக் காட்டியது. அதையும் கழற்றித் தட்டை இறக்கினால், வாங்கி வைத்த ஃபில்டர் எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தவில்லை.

குழாய்க்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். "என்னாச்சு அண்ணே?"

"எல்லாம் நம்ம மேதாவி வேலை. எண்ணச் சொன்னா பதினாறோட தூங்கிட்டா. இந்த லட்சணத்துல கிளாஸ் வேற!"

அவள் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்து, கியர்பாக்ஸின் பக்கவாட்டைத் தேய்த்தாள். அழுக்கு போனதும் எண் தெரிந்தது. வகுப்பில் கொடுத்த எண் பட்டியலின்படி அது பெரிய பாக்ஸ். எவரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். தாள் மட்டும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தவளிடம் அத்தான் குரலைத் தாழ்த்தினார். "பழைய ஃபில்டரையே கழுவிப் போடு. தட்டைத் தட்டி நேராக்கி, சுத்தி பசை அப்பிடு. நாளைக்கு லோடு ஏத்தணுமாம்."

"பசை உள்ள பிதுங்கி ஃபில்டரை அடைச்சிடும் அத்தான்."

"எண்ணத் தெரியாதவ எனக்குப் பாடம் எடுக்குறியா?"

"எண்ணினது தப்புதான். எழுதியும் வெப்பேன். நீங்க பேப்பரைப் பாத்தீங்க, பாக்ஸைப் பாத்தீங்களா? நெம்பினது யாரு?"

அவள் குரல் தெருவரை போய்விட்டது. இனிமேல் அடக்கி என்ன ஆகப்போகிறது என்று நேராகக் குழாய்க்காரரிடமே போனாள்.

"அண்ணே, இது உங்க பேப்பர்ல இருக்கிற பாக்ஸ் இல்ல. சரியான சாமான் வராம, பசை அப்பி எடுத்தீங்கன்னா பாரத்தோட மலையில பாதியில நிப்பீங்க."

குழாய்க்காரர் அத்தானைப் பார்த்தார். "பசை அப்பி அனுப்பப் பாத்தீங்களா?"

அத்தான் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"என் பொண்டாட்டிகூட என்னை அவ்வளவு மேல அனுப்ப நெனச்சதில்லய்யா!" என்றார் குழாய்க்காரர். "லோடு காத்திருக்கட்டும். சாவி தங்கச்சிகிட்ட இருக்கட்டும்."

"அப்ப நீயே முடி" என்றார் அத்தான் அவளிடம். "நான் தொடமாட்டேன். இன்னொரு தடவை தப்பாச்சு, இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத."

வகுப்பில் வாத்தியார் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அவர் என்ன எழுதியிருந்தார் என்றே அவளுக்குத் தெரியாது. சட்டைப்பையில் சாவி குத்தியது. கிழிந்த தாளைத் திருப்பினாள்.

நாளை: ஏழு மணிக்குப் பாக்ஸின் விளிம்பு முழுவதையும் சுரண்டி, போல்ட் ஓட்டைகளை இரண்டு தடவை எண்ண வேண்டும். எட்டு மணிக்கு உதிரிபாகக் கடையில் பக்கவாட்டு எண்ணைக் காட்டி, தட்டு, இடையில் வைக்கும் கேஸ்கெட், ஃபில்டர் வாங்க வேண்டும்.